மூன்றாம் கட்டில் குழந்தையின் கால்பட்டை

புதன்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு, காவல் நிலையத்தில், பெண் ஆய்வாளரின் அறையில், சொல்பவர் தானாக முன்வந்து சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் முழுப்பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் உள்ளன. வயது ஐம்பத்து மூன்று. மகப்பேறு மருத்துவமனைக்குப் பின்பக்கம் உள்ள ஊழியர் குடியிருப்பில், இரண்டாம் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் எதிர் வீட்டில் கணவருடன் வசிக்கிறேன். மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். அதே மருத்துவமனையில் முப்பது வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். அங்கே என் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே தெரியாது, பெரிய சிஸ்டர் என்று கேட்க வேண்டும். இதற்கு முன் என் மீது எந்தப் புகாரும் வந்ததில்லை, ஒரு விளக்கக் கடிதம்கூட நான் எழுதிக் கொடுத்ததில்லை.

குழந்தையை மாற்றிவிட்டதாக லாரி ஓட்டுநர் ஒருவர் கொடுத்த புகாரின் பேரில், எங்கள் பிரசவ வார்டின் பொறுப்புச் செவிலியர் இன்று காலை பத்து மணிக்கு இந்த நிலையத்துக்கு அழைத்து வரப்பட்டு, இப்போது வெளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். வயது முப்பத்தொன்று, வார்டில் அவருக்குச் சின்ன சிஸ்டர் என்று பெயர். அவர் மீது சொல்லப்பட்ட காரியத்தைச் செய்தது அவர் அல்ல, நான். ஏன் செய்தேன் என்றால் பொறாமை. மன உளைச்சல் என்று போடலாமா என்று எழுதுகிறவர் கேட்டார். மன உளைச்சல் எல்லாம் இல்லை, வயிற்றெரிச்சல், அப்படியே எழுதுங்கள் என்று சொன்னேன்.

எட்டு மாதத்துக்கு முன்புவரை எங்கள் மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளைத் தனி அறையில் வைத்திருப்போம். வார்டுக்கு எதிரே, பாதிச் சுவர் கண்ணாடி போட்ட அறை. ஊழியர்கள் அதைப் பாப்பா ரூம் என்று சொல்வார்கள். இருபத்திரண்டு வருடம் அதற்கு நான்தான் பொறுப்பு. சாவி என் இடுப்பில் இருக்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வரிசையாகப் படுக்க வைத்து வார்டுக்குக் கொண்டுபோவேன். வண்டிச் சக்கரச் சத்தம் கேட்டாலே அம்மாக்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து வாசலைப் பார்ப்பார்கள். அம்மா கையில் உள்ள பட்டையின் எண்ணையும் குழந்தை காலில் உள்ள பட்டையின் எண்ணையும் உரக்கப் படித்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் கொடுப்பேன். இருபது நிமிடம் பால் கொடுக்கலாம். அதன் பிறகு திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறேன் சிஸ்டர் என்று கெஞ்சாத அம்மா கிடையாது. நானும் விட்டுக்கொடுத்தது கிடையாது. என்னைக் கண்டதும் அவர்கள் முகத்தில் வருகிற வெளிச்சம் எனக்காகத்தான் வருகிறது என்று அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டை விஷயத்தில் நான் கறார். புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன்: "பட்டை என்ன சொல்லுதோ அதுதான் பேச்சு. அம்மா ஆயிரம் சொல்லுவா, வலியிலயும் மயக்கத்துலயும் சொல்லுவா. காதுல வாங்காதே." எங்கள் எல்லோருக்கும் மேலான மேட்ரனும் என்னிடம்தான் இதைக் கற்றுக்கொண்டார். தலைமை டாக்டரும் பயிற்சிக்கு வந்த காலத்தில் என் வாயால் இதைக் கேட்டவர்தான்.

அதன் பிறகு, எட்டு மாதத்துக்கு முன் சின்ன சிஸ்டர் வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றலாகி வந்தார். வந்த வாரமே குழந்தையை அம்மாவிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று ஆரம்பித்தார். பிறந்தவுடன் துடைத்து அம்மா நெஞ்சில் போட வேண்டும், தொட்டிலைக் கட்டிலோடு ஒட்டிப் போட வேண்டும், எடை பார்ப்பதும் ஊசி போடுவதும் அம்மா கண்ணுக்கு முன்னால் நடக்க வேண்டும், அம்மா குளிக்கப் போனால் செவிலியர் ஒருவரிடம் வாயால் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மேட்ரன் தலையாட்டினார். டாக்டரும் தலையாட்டினார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாக்களுக்குத் தூக்கம் கெடும், குழந்தைக்கு நோய் தொற்றும், பத்தே நாளில் என் காலில் வந்து விழுவார்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். பத்து நாள் போனது, ஒரு மாதம் போனது. குழந்தைகள் அழுவது குறைந்தது. பால் வரவில்லை என்று அழுகிற அம்மாக்களும் குறைந்தார்கள். ஒருத்தியும் என்னிடம் வரவில்லை. பாப்பா ரூமைப் பூட்டி, உடைந்த கட்டில்களையும் துடைப்பங்களையும் உள்ளே போட்டார்கள். சாவியை மேட்ரன் வாங்கிக்கொண்டார். என்னைக் கண்காணிப்பு அறையில் போட்டார்கள். உடம்பு சரியில்லாத அம்மாவின் குழந்தை ஒன்றோ இரண்டோ அங்கே இருக்கும், பல நாள் அதுவும் இருக்காது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று வந்தவளுக்கு இவ்வளவு தூரம் கொம்பு முளைத்துவிட்டதே என்று வீட்டில் கணவரிடம் தினமும் கரித்துக் கொட்டுவேன். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீ சாப்பாடு போடும்போதாவது அந்தப் பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டு வராம இரேன்" என்றார். முன்பெல்லாம் வீட்டுக்குப் போகும் அம்மாக்கள் பாப்பா ரூம் வாசலில் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். இப்போது கட்டிலில் உட்கார்ந்தபடியே சின்ன சிஸ்டரை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு பெண் கைப்பேசியை என் கையில் கொடுத்து, "அக்கா, எங்க மூணு பேரையும் ஒண்ணா எடுங்களேன்" என்றாள். அந்த மூன்றாவது ஆள் சின்ன சிஸ்டர். எடுத்துக் கொடுத்தேன். பிறகு அவள் என்னைப் பார்த்து, நீங்கள் இங்கே துணி மாற்றுகிறவரா என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சின்ன சிஸ்டர் பட்டையைக் கட்டும்போது இரண்டு விரல் இடம் விட்டுக் கட்டுவார். பிறந்த குழந்தைக்குக் கால் வீங்கியிருந்தால் இறுக்கக் கூடாது என்பார். நான் ஒரு விரல்தான் விடுவேன். குழந்தை மறுநாள் சற்று இளைக்கும், அப்போது இரண்டு விரல் பட்டை குதிகாலைத் தாண்டி வந்துவிடும், சோப்பு நுரை பட்டால் சொல்லவே வேண்டாம். இதை அவரிடம் மூன்று தடவை சொன்னேன். சரிங்கக்கா என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்காது. என்றைக்காவது இந்தப் பட்டையை வைத்தே இவள் மூக்கை உடைக்க வேண்டும் என்று அப்போதே மனதில் போட்டு வைத்தேன்.

அதன் பிறகு கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றாம் கட்டில் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவர் தையல்காரி, புகார் கொடுத்த லாரி ஓட்டுநரின் மனைவி. அன்று பிற்பகலே நான்காம் கட்டில் பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து குழந்தை எடுத்தார்கள். அவர் பள்ளிக்கூட டீச்சர். அதுவும் ஆண். இரண்டுக்கும் எடையில் ஐம்பது கிராம்தான் வித்தியாசம், இரண்டுக்கும் ஒரே ரத்த வகை. தையல்காரி பிறந்த நிமிடத்திலிருந்து குழந்தையை நெஞ்சை விட்டு இறக்கவில்லை. டீச்சருக்குக் காய்ச்சல் கண்டதால் அவர் குழந்தை என்னிடம் கண்காணிப்பு அறைக்கு வந்தது. அறுவை மேஜையில் அரை மயக்கத்தில் ஒரு தடவை பார்த்ததோடு சரி, டீச்சர் தன் குழந்தையைப் பார்க்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை மதியம் காய்ச்சல் விட்டுவிட்டது, குழந்தையை டீச்சரிடம் கொடுக்கலாம் என்று சொன்னார்கள். தினமும் ஒரு தடவை, இரண்டு மணிக்குப் பணி முறை மாறும்போது, மேட்ரன் முன்னிலையில் எல்லாக் குழந்தைகளின் பட்டைகளையும் படிப்பது வழக்கம். ஒன்றரை மணிக்கு நான் டீச்சர் குழந்தையை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் வந்தேன். டீச்சர் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். சின்ன சிஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். தையல்காரி துண்டோடு எழுந்து நின்று, "பெரிய சிஸ்டர், குளிச்சிட்டு ஓடி வந்துடறேன். இவனைக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா? வேற யார்கிட்டயும் விட மனசு வரல" என்றார். எட்டு மாதத்தில் ஒரு அம்மா என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்படியும் செய்தேன்.

இரண்டு குழந்தைகளையும் வார்டு மூலையில் இருக்கும் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேஜையில் படுக்க வைத்தேன். சோப்பு நுரையை விரலில் தொட்டு இரண்டு பேர் காலிலும் தடவி, பட்டைகளை உருவி, மூன்றாம் எண்ணை டீச்சர் குழந்தைக்கும் நான்காம் எண்ணைத் தையல்காரி குழந்தைக்கும் மாட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. குழந்தைகளை நான் மாற்றவில்லை. தையல்காரி குழந்தையைத் தையல்காரி தொட்டிலிலும், டீச்சர் குழந்தையை டீச்சர் தொட்டிலிலும்தான் போட்டேன். என் கணக்கு என்னவென்றால், இரண்டு மணிக்குப் படிக்கும்போது எண் இடிக்கும், மேட்ரன் திடுக்கிடுவார், இரண்டு விரல் இடம் விட்டால் இப்படித்தான் கழன்று மாறும் என்று எல்லோர் எதிரிலும் சின்ன சிஸ்டரை நாலு வாங்கு வாங்குவேன், பிறகு குழந்தைகளை எனக்குத் தெரியும் என்று சொல்லி நானே பட்டைகளைச் சரியாகக் கட்டுவேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

இரண்டு மணிக்கு மேட்ரன் வந்தார். மூன்றாம் தொட்டிலில் நான்கு என்றும் நான்காம் தொட்டிலில் மூன்று என்றும் படித்தேன். "குழந்தை மாறியிருக்கு மேட்ரன்" என்றேன். பட்டை மாறியிருக்கிறது என்றுதான் சொல்ல நினைத்திருந்தேன், வாயில் வந்தது இது. அந்த நேரம் பார்த்துத் தலைமை டாக்டர் உள்ளே நுழைந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம், நோயாளி அழுதாலும் தன் கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பார். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. குளித்துவிட்டு வந்திருந்த தையல்காரி குழந்தையை எடுத்து இறுக்கிக்கொண்டு, "இது என் பிள்ளை. பிறந்ததுலேர்ந்து என் மேலதான் கிடக்கிறான். இவனைத் தெரியாதா எனக்கு?" என்று கத்தினார். ஞாயிறு மாலை எடை பார்க்கும் மேஜையில் இரண்டும் அடுத்தடுத்துப் படுக்க வைக்கப்பட்டன, அங்கேயே மாறியிருக்கலாம், அப்படியென்றால் இந்த அம்மா நேற்றிலிருந்து வேறு குழந்தையைத்தான் பழகியிருப்பார் என்று டாக்டர் சொன்னார். மனைவியைப் பார்க்க வந்திருந்த லாரி ஓட்டுநர் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினார். படத்தில் குழந்தை முழுக்கப் போர்த்தியிருந்தது, மூக்குதான் தெரிந்தது.

சின்ன சிஸ்டர் சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் ஓடி வந்தார். "எடை பாக்கும்போது இந்த அம்மா என் தோளை ஒட்டி நின்னாங்க டாக்டர். மாற வழியே இல்ல. அம்மா சொல்றாங்கன்னா அது சரியாத்தான் இருக்கும்" என்றார். அதற்கு டாக்டர், "பட்டை என்ன சொல்லுதோ அதுதான்மா பேச்சு" என்றார். என் வார்த்தை, அட்சரம் பிசகாமல். கண்காணிப்பு அறையில் இருந்தபோது இந்தக் குழந்தையின் காலில் என்ன எண் இருந்தது என்று மேட்ரன் என்னைக் கேட்டார். போர்த்தியிருந்ததால் பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன். இதுதான் நான் சொன்ன முதல் பொய்.

அதன் பிறகு டாக்டர், மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினால் பத்து நாள் ஆகும், அதுவரை இரண்டு குழந்தைகளையும் எந்த அம்மாவிடமும் கொடுக்கக் கூடாது, பாப்பா ரூமைத் திறந்து உள்ளே வையுங்கள், பெரிய சிஸ்டர் பொறுப்பு என்று உத்தரவு போட்டார். சின்ன சிஸ்டரை வார்டுப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். மேட்ரன் போய்ச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அந்த நிமிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சாவி கைக்கு வந்ததும் அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். தையல்காரி குழந்தையை விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தது நான்தான். பிரித்து எடுக்கும்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இதை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுதும் பாப்பா ரூமில் இருந்தேன். துடைப்பங்களை வெளியே போட்டு, தரையைத் தேய்த்துக் கழுவி, இரண்டு தொட்டில்களையும் பழைய இடத்திலேயே போட்டேன். டப்பாப் பாலைக் கிண்ணத்தில் கலந்து கரண்டியால் கொடுத்தேன். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது போல இருந்தது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல்காரி வந்து நின்றார். உட்காருங்கள் என்றாலும் உட்காரவில்லை, பிரசவித்து இரண்டே நாள் ஆன உடம்பு. டீச்சர் குழந்தை அழுதபோது அவர் சும்மா நின்றார். அவருடைய குழந்தை அழுதபோது அவர் மேல்சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்தது. துண்டை எடுத்து மூடிக்கொண்டார். நான்கைந்து தடவை கவனித்துப் பார்த்தேன், ஒரு தடவையும் தப்பவில்லை. எந்தக் குழந்தை அழுகிறது என்று முதுகைத் திருப்பி நின்றே சொல்லிவிடுவேன் என்று இருபத்திரண்டு வருடம் பீற்றிக்கொண்டவள் நான். கண்ணாடிக்கு உள்ளே நின்ற எனக்குத் தெரியாத நேரத்தில் வெளியே நின்ற அவருக்குத் தெரிந்தது. திரையை இழுத்து மூடிவிட்டேன்.

என்னிடம் ஆய்வாளர், உங்களுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறானே, அந்த அம்மாவைப் பார்க்க இரக்கமாக இல்லையா என்று கேட்டார். இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் எரிச்சல் வந்தது. என் மகன் இதே மருத்துவமனையில்தான் பிறந்தான், அவனை மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குத்தான் என் கையில் கொடுத்தார்கள். அப்போது அதுதான் முறை. நானும் கேட்கவில்லை. எங்கள் காலத்தில் நாங்கள் எல்லாம் இருக்கவில்லையா, இவளுக்கு மட்டும் என்ன என்று நினைத்தேன். என் மகன் எந்தப் பக்கம் தலை சாய்த்துத் தூங்குவான் என்று பிறந்த மூன்று நாளும் வேறு யாருக்கோதான் தெரியும்.

அதன் பிறகு இன்று புதன்கிழமை காலை லாரி ஓட்டுநர் இங்கே வந்து புகார் கொடுத்தார். நீங்கள் வந்து சின்ன சிஸ்டரை அழைத்துக்கொண்டு போனீர்கள். வார்டு சன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. ஜீப்பில் ஏறும்போது அவர் மேலே நிமிர்ந்து பார்த்தார், நான் நகர்ந்துகொண்டேன்.

பதினொன்றரை மணிக்கு டீச்சரைச் சக்கர நாற்காலியில் கண்ணாடிக்கு முன்னால் கொண்டுவந்தார்கள். தையல்காரி அங்கேதான் நின்றிருந்தார். டீச்சர் என்னைப் பார்த்து, "சிஸ்டர், இதுல எது என்னோடதா இருக்கும்? உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம், சும்மா ஒரு யோசனையா சொல்லுங்க" என்றார். எனக்கு எது என்று தெரியும். "பட்டையில நாலுன்னு இருக்கிறது இவன்தான்மா" என்று தையல்காரி குழந்தையைக் கையில் எடுத்துக் காட்டினேன். டீச்சர் உற்று உற்றுப் பார்த்தார். "எங்க அண்ணன் சாடை அப்படியே இருக்கு சிஸ்டர்" என்று சிரித்தார். அறுவைக்குப் பிறகு அவர் சிரித்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

தையல்காரி கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. டீச்சர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போகும்வரை நின்றுவிட்டு, கதவருகே வந்து என்னைக் கூப்பிட்டார். "பெரிய சிஸ்டர், சோதனையில என்ன வரும்னு எனக்குத் தெரியாது. பெரியவங்க எல்லாரும் சேர்ந்து அவங்களுக்குத்தான்னு சொல்லிட்டா நான் என்ன பண்ண முடியும். அவங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. இவன் பால் குடிக்கும்போது நடுவுல நிறுத்திடுவான். கண்ணை மூடிப்பான், தூங்கிட்டான்னு தோணும். தூங்கல. எடுத்துடக் கூடாது. கொஞ்சம் பொறுத்தா மறுபடியும் குடிப்பான். எடுத்துட்டா அப்புறம் கேக்க மாட்டான், பசியோடயே கிடப்பான்" என்றார். இதைச் சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குப் பால் கொடுக்கும் நேரம். தையல்காரி குழந்தையை மடியில் வைத்துக் கரண்டியால் கொடுத்தேன். ஆறேழு கரண்டி குடித்துவிட்டு நிறுத்தினான், கண்ணை மூடினான். திங்கள் மாலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில்தான் போதும் போலிருக்கிறது என்று கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுவேன். குறைவாகக் குடிக்கிற குழந்தை என்று தாளில்கூட எழுதியிருந்தேன். இந்தத் தடவை எடுக்காமல் கரண்டியை உதட்டில் வைத்தபடியே இருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகு அவன் வாயைத் திறந்து மறுபடியும் குடிக்க ஆரம்பித்தான். கிண்ணம் காலியாகும்வரை குடித்தான். திங்கள் மாலையிலிருந்து அந்தக் குழந்தையை அரை வயிற்றோடு போட்டு வைத்திருந்தேன். அந்த அம்மாவுக்கு இருபத்தெட்டு மணி நேரத்தில் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. என் கை வழியாகப் போன மற்றக் குழந்தைகளில் எத்தனை பேர் நடுவில் நிறுத்துகிறவர்களோ, எத்தனை பேரை இருபது நிமிடம் ஆகிவிட்டது என்று பிடுங்கிக்கொண்டு வந்தேனோ, யாரைப் போய்க் கேட்பது.

கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு மேட்ரன் அறைக்குப் போனேன். டாக்டரும் லாரி ஓட்டுநரும் அங்கே இருந்தார்கள். பட்டைகளை மாற்றியது நான் என்று சொன்னேன். டாக்டர் நம்பவில்லை, "உங்களுக்கு ரெண்டு நாளா ஓய்வே இல்ல, போய்ப் படுங்க" என்றார். அவர்களைப் பாப்பா ரூமுக்கு அழைத்து வந்து, அவர்கள் கண் எதிரிலேயே சோப்பு நுரையைத் தொட்டு இரண்டு பட்டைகளையும் உருவி மேஜையில் வைத்தேன். டாக்டர் அப்போது கடிகாரத்தைப் பார்க்கவில்லை. லாரி ஓட்டுநர் கையை ஓங்கினார், மேட்ரன் நடுவில் வந்தார். அடித்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அதன் பிறகு, பரிசோதனை முடிவு வருகிறபோது வரட்டும், அதுவரை குழந்தைகள் அம்மாக்களிடமே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். தையல்காரி குழந்தையை மேட்ரன் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் வாசலுக்கு வெளியிலேயே நின்றேன். தையல்காரி என்னைப் பார்க்கவும் இல்லை, வையவும் இல்லை. அவன் குடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தினான். அவர் குனிந்து பார்க்காமல் அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான்காம் கட்டிலில் அப்படி நடக்கவில்லை. டீச்சர் காலையில் வேறு குழந்தையைப் பார்த்து மனதில் வரித்துக்கொண்டுவிட்டார். தன் குழந்தையை மடியில் வைத்ததும் அதன் முகத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவனா? அண்ணன் சாடையில இருந்தவன் எங்க?" என்று கேட்டார். நான் செய்ததை மேட்ரன் சொன்னார். டீச்சர் அழவில்லை. "கொஞ்ச நேரம் தொட்டில்லயே இருக்கட்டும் மேட்ரன்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துவிட்டார். நான் கிளம்பும்வரை குழந்தை தொட்டிலில்தான் இருந்தது. மூன்று நாளாகியும் அந்த வாய் அம்மா மேல் படவில்லை, அவருக்குப் பாலும் இறங்கவில்லை. இதையும் செய்தது நான்தான். இதற்கு உங்கள் சட்டத்தில் என்ன பிரிவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

மூன்றே கால் மணிக்கு நான் இந்த நிலையத்துக்கு நடந்து வந்தேன். வராந்தா பெஞ்சில் சின்ன சிஸ்டர் இருந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை போலிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தன்னை விடுவார்களா என்று கேட்கவில்லை. "ரெண்டு பேரும் குடிக்கிறாங்களாக்கா?" என்று கேட்டார். எல்லாம் நான் செய்தது என்று அங்கேயே சொன்னேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு, "அப்போ டீச்சர்கிட்ட இப்ப யாரு இருக்காங்க?" என்றார். இங்கேயும் அவளே முந்திக்கொண்டாளே என்று எனக்கு அப்போதும் எரிந்தது.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். என் மீது எந்த வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், நான் எங்கேயும் ஓடப் போவதில்லை. சின்ன சிஸ்டரை இன்றே, இந்தத் தாள் எழுதி முடிப்பதற்கு முன்பே, அனுப்பிவிடுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மாவையும் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையையும் ஒன்று சேர்க்க அவருக்குத் தெரியும். அவர் கட்டிலோரம் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருப்பார், எப்போது குழந்தை அம்மா மேல் போகிறது என்று அம்மாவுக்கே தெரியாது, நானே பார்த்திருக்கிறேன். முப்பது வருட அனுபவம் இருக்கிறதே, உங்களால் முடியாதா என்று ஆய்வாளர் கேட்டார். என்னால் முடியாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகத்தான் எனக்குத் தெரியும். இதைச் சொல்லும்போதும் வயிறு எரிகிறது. எரிந்தால் எரியட்டும், அவர் போகட்டும்.

இதுவரை எழுதியதை எனக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார்கள். பட்டைகளை நான் "கவனக்குறைவாக" மாற்றினேன் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு "வேண்டுமென்றே" என்று எழுதச் சொல்லி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். மற்றபடி சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை, யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே வராந்தாவில் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. யார் போவது என்று கேட்டேன், சின்ன சிஸ்டரை மருத்துவமனையில் விடப் போகிறார்கள் என்று சொன்னார்கள். அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன்.

(ஒப்பம்)
பெரிய சிஸ்டர் என்று அழைக்கப்படும் செவிலியர்

என் முன்பாகச் சொல்லி, படிக்கக் கேட்டு, ஒப்பமிட்டார்.
(ஒப்பம்)
ஆய்வாளர், மாலை ஆறே கால் மணி